தடைப்பட்ட பிரசவம்

தறியில் நாடா பாவினுள் சிக்கிக்கொண்டால் எந்த நெசவாளரும் அதை மேலும் பலமாக இழுப்பதில்லை. தறியை நிறுத்திச் சிக்கல் எங்கே என்று பார்க்கிறார். பிரசவத்தில் மட்டும் குழந்தை இறங்காவிடில் வயிற்றை அழுத்துவதும், வலி மிகுவதற்கு எவரையேனும் கொண்டு ஊசி போடுவதும் ஒரு காலத்தில் ஊர்தோறும் நடந்தன. இரண்டும் உயிருக்கு ஆபத்தானவை.

வலி நன்றாக இருந்தும் குழந்தை முன்னேறாமல் நிற்பதே தடைப்பட்ட பிரசவம். இடுப்பெலும்பின் வழி குறுகியிருக்கலாம். சிசு குறுக்கே கிடக்கலாம். இளமையில் போதிய ஆகாரமின்றி வளர்ந்தவர்களுக்கும், எலும்பு முதிருமுன் தாயாகிறவர்களுக்கும் இவ்வபாயம் அதிகம். கவனியாது விட்டால் கருப்பை கிழிந்து உதிரம் பெருகும். விஷக் காய்ச்சலும் காணும். உயிர் தப்பியவர்களுள் சிலருக்கு மூத்திரப்பையில் துவாரம் விழுந்து சிறுநீர் ஓயாது ஒழுகும். வீட்டு வைத்தியம் இதற்கு இல்லை. கருவி கொண்டோ, அறுவை செய்தோ குழந்தையை எடுத்தல் வேண்டும்.

1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூவர் தம் மனைவியரின் பிரசவ வேதனைக்கு உதவி நாடி ஐடா ஸ்கட்டரிடம் வந்தனர். அவரோ அப்போது மருத்துவம் கற்றவரல்லர். அவருடைய தந்தையார் வைத்தியராயிருந்தும், ஆண் வைத்தியரை அனுமதிக்க அம்மூவரும் இசையவில்லை. மூன்று தாய்மாரும் இறந்தனர். அமெரிக்காவில் மருத்துவம் பயின்று 1900இல் திரும்பிய ஐடா, வேலூரில் வைத்தியசாலை நிறுவி, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் தொடங்கினார்.

தமிழகத்தில் இலட்சம் பிரசவங்களுக்கு 2001-03இல் 134 தாய்மார் இறந்தனர். 2018-20இல் 54 பேர். எஞ்சிய மரணங்களுள் பலவற்றைத் தடுக்கலாம். நாம் அறிந்தவரையில், தாமதம் பெரும்பாலும் சாலையில் ஏற்படுவதன்று, வீட்டுத் திண்ணையில் ஏற்படுவது. கணவர் கூலி வாங்கி வரட்டும், மாமியார் சொல்லட்டும் என்று பொழுது போகிறது. அரசு மருத்துவமனைகளில் பிரசவமும் அறுவையும் இலவசம். 108 வண்டியும் இலவசம். திருத்தணிக்கு அப்பால் ஆந்திர எல்லையிலுள்ள உறவினர்க்கும் அதே எண்தான்.

குள்ளமானவர், முன்பு அறுவையால் பெற்றவர், சிசு குறுக்கே இருப்பதாகச் சொல்லப்பட்டவர் ஆகியோர் அறுவை வசதியுள்ள இடத்தையே முன்கூட்டித் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பன்னீர்க்குடம் உடைந்தால் வலிக்காகக் காத்திராமல் புறப்படுக. இரத்தம் தேவைப்படக்கூடுமாதலால், கொடுக்கத்தக்க இருவரிடம் முன்னரே சொல்லி வைத்தல் நலம்.