குழந்தையின் மலம் வெளிறியிருந்தால்

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை தோன்றுவது வழக்கமே. பெரும்பாலும் இரண்டு வாரங்களில் அது தானாக மறையும். அதன் பின்னரும் கண்ணும் தோலும் மஞ்சளாகவே இருப்பின், இளவெயிலில் காட்டினால் போதும் என வீட்டிலேயே முடிவு செய்தல் கூடாது. அரிதாக, ஏறத்தாழ 10,000 முதல் 20,000 குழந்தைகளுள் ஒன்றுக்கு, அது பித்தநாள அடைப்பாக இருக்கலாம். பிரெஞ்சு மொழியில் மருத்துவர்கள் இதனை 'அத்ரேசி தே வுவா பிலியேர்' என்பர்.

கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்கள் அடைபடுவதே இந்நோய். தேங்கும் பித்தம் கல்லீரலைச் சிதைக்கிறது. குடலுக்குப் பித்தம் வாராமையால் மலம் நிறமிழக்கிறது. சிறுநீரோ கடும் மஞ்சளாகிறது. தாய்ப்பால் அருந்தும் குழந்தையின் மலம் கடுகு மஞ்சளாகவோ பச்சையாகவோ இருத்தல் இயல்பு. வெண்மையும் சாம்பலும் களிமண் நிறமும் இயல்பல்ல. தொடக்கத்தில் குழந்தை நன்கு பால் குடித்து நலமாகவே தோன்றும்; பெற்றோர் ஏமாறுவது இதனால்தான். 31ஆம் நாள் துடக்குக் கழியட்டும் எனக் காத்திருப்போரும் உளர். கீழாநெல்லிச் சாறு அடைபட்ட குழாயைத் திறக்காது.

முதலில் வேண்டுவது ஓர் இரத்தப் பரிசோதனை. மொத்த பிலிருபினுடன் நேரடி பிலிருபினையும் தனியே அளக்குமாறு பெற்றோர் கேட்கலாம். நேரடி அளவு மிகுந்திருப்பின் அல்ட்ராசவுண்ட், கல்லீரல் திசுப் பரிசோதனை ஆகியன தொடரும். அறுவைக் கூடத்தில் பித்தநாளத்தினுள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே நோயை உறுதிப்படுத்தும்.

ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் உருவாக்கிய அறுவைச் சிகிச்சையே முதல் வழி. அடைபட்ட குழாய்களை அகற்றிச் சிறுகுடலின் ஒரு பகுதியைக் கல்லீரலோடு நேரே இணைப்பர். பிறந்து 60 நாள்களுக்குள், இயன்றால் அதற்கும் முன்னரே, இது நடைபெறல் வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பயன் குறையும். சிகிச்சை பெற்றோருள்ளும் பலருக்குப் பின்னாளில் கல்லீரல் மாற்றம் தேவைப்படுகிறது. பெற்றோர் ஒருவரின் கல்லீரலில் ஒரு பகுதியே அதற்குப் போதுமானதாகலாம். 1998இல் டெல்லி அப்போலோ மருத்துவமனையில், இந்தியாவிலேயே முதன்முதலாக வெற்றிகரமாகக் கல்லீரல் மாற்றம் பெற்ற குழந்தை காஞ்சிபுரத்தைச் சேர்ந்தது. அதற்கும் இந்நோயே, கல்லீரலை ஈந்தவர் தந்தை. அக்குழந்தை வளர்ந்து மருத்துவரானது.

கியூபெக்கில் சிறார்க்கான கல்லீரல் மாற்றம் மொன்றியல் சென்-ஜுஸ்தீன் மருத்துவமனையில் நடைபெறுகிறது. ஐயம் எழுந்தால் குடும்ப மருத்துவரையோ அருகிலுள்ள சிஎல்எஸ்சி நிலையத்தையோ உடனே நாடலாம். 811 என்னும் இலக்கத்தில் எந்நேரமும் தாதியருடன் பேசலாம். மலம் படிந்த அணையாடையை, அல்லது பகல் வெளிச்சத்தில் எடுத்த அதன் படத்தை, உடன் கொண்டுசெல்லல் நன்று. மொழி தடையாயின் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என முன்கூட்டியே கேட்கலாம்.