ஒரே ஏரியில் இரண்டு உலகங்கள்

பினாங்கு தேசியப் பூங்காவில், பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்குப் பின்னால் ஒரு பருவகால ஏரி உண்டு. ஓடைகள் கொண்டுவரும் நன்னீர் அதன் மேற்பகுதியில் நிற்கும். கடலிலிருந்து வரும் உப்புநீர் அடர்த்தி மிகுந்தது என்பதால் அடியில் தங்கும். இரண்டும் எளிதில் கலப்பதில்லை.

ஜார்ஜ்டவுன்வாசியான எனக்கு அந்த ஏரியை நினைத்தாலே ஒரு கேள்வி எழும்: கீழே வாழும் நுண்ணுயிர் மேலே குடியேற முடியுமா?

தூரம் சொற்பம்தான், தடையோ பெரிது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. கடல் நுண்ணுயிர் நன்னீருக்கு வந்தால், சவ்வூடு பரவலால் தண்ணீர் அதன் உயிரணுவுக்குள் புகும். அதைச் சமாளிக்க இயலாதவை உப்பி வெடித்துவிடும்.

ஆனாலும் சில வென்றிருக்கின்றன. கடல்களில் மிக அதிகமாக வாழும் பாக்டீரியாக்களுள் ஒன்று ‘சார்11’. சார்காசோ கடல்நீரின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, 1990இல் அது வெளிச்சத்துக்கு வந்தது. அதன் உறவினமான ‘எல்டி12’ ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழ்கிறது. உப்பைத் தாங்க உதவும் சில மரபணுக்களை அது இழந்துவிட்டது. ஆகவே, கடலுக்குத் திரும்புவது அதற்கு எளிதல்ல.

நுண்ணுயிர்களின் நெடிய வரலாற்றில் இத்தகைய இடமாற்றங்கள் அரிதானவை. இன்றோ, கடல்மட்டம் உயர உயர, ஆறுகளுக்குள் உப்புநீர் ஏறுகிறது. நன்னீர் உணவுச் சங்கிலியின் அடித்தளமே இந்த நுண்ணுயிர்கள்தாம். பரிணாமம் நிதானமாக நடக்கும், உப்பு காத்திருக்காது.

மாணவர்களே, சவ்வூடு பரவலைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். நம் ஆறுகளின் நாளைய நிலையும் அந்தப் பாடத்தில்தான் இருக்கிறது.