பாதி மூட்டு போதுமா?

“எங்க வலிக்குதுன்னு ஒத்தை விரல்ல தொட்டுக் காட்டுங்கம்மா.”

முழங்கால் டாக்டரிடம் போய்வந்தவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமாக இருக்கும். சிலர் ஆள்காட்டி விரலை முட்டியின் உட்பக்கம் வைத்து, “இங்கதானுங்க, இந்த எடந்தான்” என்பார்கள். சிலர் உள்ளங்கையால் முட்டியையே மூடிப் பிடித்துக்கொண்டு, “பூராவுந்தானுங்க” என்பார்கள். எக்ஸ்ரே வருவதற்கு முன்பே டாக்டருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். விரல் வைத்தவருக்குத் தேய்ந்த பக்கத்தை மட்டும் மாற்றினால் போதுமோ என்று யோசிக்கலாம். உள்ளங்கையால் மூடியவருக்குப் பெரும்பாலும் முழு மூட்டையும்தான் மாற்ற வேண்டிவரும்.

முழங்காலில் மூன்று அறைகள். உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, முட்டிச்சில்லுக்குப் பின்னால் ஒன்று. நம் ஊரில் வில்லாக வளைந்த கால்கள் அதிகம்; உடம்பின் பாரம் உட்பக்கமே இறங்குவதால் தேய்மானமும் முதலில் அங்கேதான். மற்ற இரண்டும் நன்றாக இருந்து, நடு மூட்டில் குறுக்கே ஓடும் தசைநார்களும் அறுபடாமல் இருந்தால், கெட்ட அறைக்கு மட்டும் உலோகமும் பிளாஸ்டிக்கும் வைத்துத் தைத்துவிடலாம். டாக்டர்கள் தங்களுக்குள் இதை ‘யூனி’ என்பார்கள். முடக்குவாதக்காரர்களுக்கு இது ஆகாது. அந்த நோய் மூன்று அறைகளையும் சேர்த்தே அரிக்கும்.

கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இந்த விஷயத்தில்தான் எலும்பு மருத்துவர்கள் கூடும் அரங்குகளில் குரல் உயர்கிறது. கோவைக்கு அத்தகைய அரங்குகள் புதிதல்ல. இந்திய எலும்பு மருத்துவர் சங்கத்தின் 2018-ஆம் ஆண்டு மாநாடு இங்கேதான் நடந்தது. 1978-இல் டாக்டர் ஜே.ஜி. சண்முகநாதன் சிறிய அளவில் தொடங்கிய கங்கா மருத்துவமனையின் பெயரில், விபத்துக் காயத்தை மதிப்பிடும் முறை ஒன்றே உலக மருத்துவ இதழ்களில் புழங்குகிறது. சிங்காநல்லூரில் ஆர்த்தோ ஒன் மருத்துவமனை எலும்பு, மூட்டுச் சிகிச்சைக்கென்றே இயங்குகிறது. ஈரோடு, கரூர், பாலக்காடு என்று நாலாபக்கமிருந்தும் முட்டியைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் இறங்கும் ஊர் இது.

பாதி மூட்டின் கதை இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் இருவர் சேர்ந்ததில் சூடுபிடித்தது. ஜான் குட்ஃபெலோ அறுவை மருத்துவர். ஜான் ஓ’கானர் பொறியாளர். 1970-களில் இவர்கள் வடிவமைத்த மூட்டு, 1982 முதல் ஒரு பக்கத்துக்கு மட்டும் பொருத்தப்பட்டது. தொடை எலும்பின் முனையில் உருண்டையான உலோகம், கீழ்க்கால் எலும்பின் மேல் தட்டையான உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே எதிலும் ஒட்டாமல் வழுக்கி நகரும் பிளாஸ்டிக் துண்டு. அந்தத் துண்டுக்கு டாக்டர்கள் வைத்த பெயரே பேரிங்தான். பம்பும் மோட்டாரும் செய்து பிழைக்கும் கோவையில் அதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அதைப் பொருத்தும் விதம் பீளமேட்டு லேத்துப் பட்டறைக்காரரையே நிமிர்ந்து உட்கார வைக்கும். முழங்காலை மடக்கி வைத்து, இரண்டு உலோகங்களுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கிறார்கள். வால்வு டேப்பட் பார்க்க மெக்கானிக் வைத்திருப்பாரே, அதன் தடித்த அண்ணன். மடக்கும்போது 4 மி.மீ., காலை நீட்டும்போது 1 மி.மீ. என்று காட்டினால், தொடை எலும்பின் அடிமுனையில் 3 மி.மீ. கடைந்தெடுக்க வேண்டும். அதற்கென்றே மி.மீ. கணக்கில் அளவு வைத்த கடைசல் கருவி உண்டு. கால் நீண்டாலும் மடங்கினாலும் இடைவெளி ஒன்றாக இருந்தால்தான் தசைநாரின் இழுப்பு சரியாக இருக்கும். அந்த இழுப்பை நம்பித்தான் பேரிங் உட்கார்ந்திருக்கிறது. பிசகினால் நழுவிவிடும். 1998-இல் வந்த மூன்றாம் கட்டக் கருவிகளால் முட்டிச்சில்லைப் புரட்டாமல் சின்னக் கீறலிலேயே இதைச் செய்ய முடிந்தது. நோயாளிக்குச் சின்ன ஆபரேஷன்தான். செய்கிறவருக்கு அப்படியல்ல.

பாதியா முழுசா என்று அரங்குகளில் வாதாடும் இரு தரப்பும் கையில் எண்ணோடுதான் வருகின்றன. பிரிட்டனின் மூட்டுப் பதிவேட்டிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒப்பிட்ட ஆய்வு 2014-இல் லான்செட் இதழில் வந்தது. பாதி மூட்டுக்காரர்களிடம் மரணமும் பெரிய சிக்கல்களும் குறைவு; ஆனால் மறுபடி மூட்டை மாற்ற வருகிறவர்கள் சுமார் இரண்டு மடங்கு. 2019-இல் அதே இதழில் வந்த டாப்காட் ஆய்வு, 528 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தது. வலியிலும் நடமாட்டத்திலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. செலவில் பாதி மூட்டே மலிவு.

அந்த ‘இரண்டு மடங்கு’ ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு முழு மூட்டே மேல் என்று தீர்ப்பெழுதிவிட முடியாது என்பது என் எண்ணம். பாதி மூட்டு வைத்தவருக்குக் கொஞ்சம் வலி மிஞ்சினால், “முழுசாக மாற்றிவிடலாம்” என்று சொல்ல டாக்டர் அவ்வளவாகத் தயங்குவதில்லை. முழு மூட்டுக்காரருக்கு அதே வலி இருந்தால், “கொஞ்ச நாள் பார்க்கலாம்” என்பார், ஏனென்றால் அதைக் கழற்றி மாற்றுவது பெரிய வேலை. இன்னொன்று கை. வருஷத்துக்கு நாலைந்து பாதி மூட்டு வைப்பவரிடம் தோல்வி அதிகம். தன்னிடம் வரும் முழங்கால்களில் ஐந்தில் ஒன்றுக்காவது இதைச் செய்பவரிடம் அது வெகுவாகக் குறைகிறது என்பதைப் பதிவேடுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

யாருக்குச் செய்யலாம் என்பதிலும் பழைய கட்டுப்பாடுகள் தளர்ந்திருக்கின்றன. 1989-இல் கோசின், ஸ்காட் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் வகுத்த கணக்கில் எடை 82 கிலோவைத் தாண்டக் கூடாது, வயது 60-க்குக் கீழ் இருக்கக் கூடாது. எடையும் வயதும் மட்டுமே ஒருவரைத் தள்ளிவைக்கப் போதாது என்று ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் பின்னர் தங்கள் நோயாளிகளைக் கொண்டே காட்டினார்கள்.

கொங்குநாட்டில் தடை வேறு மாதிரி. இங்கே ஆள் வருவதே பிந்தித்தான். தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தவர்கள், மாட்டுக்குத் தவிடு கலக்கவும் பால் கறக்கவும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை குத்த வைப்பவர்கள், பேத்தி கல்யாணம் முடியட்டும், மஞ்சள் வெட்டு முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறார்கள். தைலம், முட்டிக்கவசம், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை என்று ஆறேழு வருஷம் ஓடிவிடும். மருமகள் வற்புறுத்திக் கூட்டிவரும்போது கால் கவைபோல் வளைந்து, நடு நாரும் அறுந்து, மூன்று அறையும் காலி. அப்புறம் பாதியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

பணம் ஒரு காரணமாக இருந்தது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு வைத்தபின், ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற சாதாரண முழு மூட்டு உபகரணம் வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு வந்தது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டில் மூட்டு மாற்று நடக்கிறது. இன்றைக்குத் தாமதத்துக்குப் பெரிய காரணம் பயம்தான். “ஆபரேசன் பண்ணுனா படுத்த படுக்கைதான்” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஒரு வாக்கியம் எந்த எக்ஸ்ரேயையும் விட வலுவானது. பாதி மூட்டுக்காரர்கள் பலர் அன்றைக்கோ மறுநாளோ எழுந்து நடந்துவிடுகிறார்கள் என்பது அந்தத் திண்ணை வரை போய்ச் சேரவில்லை.

போய்ச் சேர்வது, ரோபோ வைத்து ஆபரேஷன் செய்கிறோம் என்ற விளம்பரம்தான். ரோபோ எலும்பை வெட்டும் கோணத்தில் துல்லியம் தரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த முட்டிக்குப் பாதி, எந்த முட்டிக்கு முழுசு என்று அது சொல்லாது. விளம்பரப் பலகையைப் பார்த்துவிட்டு, “உங்ககிட்ட ரோபோ இருக்குதுங்களா?” என்று கேட்கிறவர்கள், “போன வருஷம் பாதி மூட்டு எத்தனை பேருக்கு வச்சீங்க?” என்றும் கேட்கலாம். கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்கிறவரிடம் முட்டியை ஒப்படைக்கலாம்.

தரை விஷயம் ஒன்று பாக்கி. சம்மணமும் குத்துக்காலும் நம் அன்றாடம். முழங்காலை ஒரேயடியாக மடக்கும்போது நகரும் பேரிங் நழுவுமோ என்ற கவலை, தரையில் உட்காரும் ஆசிய நாட்டு மருத்துவர்களுக்குப் பொதுவானது. நகராமல் பொருத்தப்பட்ட வகையைச் சிலர் தேர்ந்தெடுப்பதும் அதனால்தான். எது நிற்கும் என்று தீர்த்துச் சொல்ல, நாற்காலியில் உட்காரும் பிரிட்டிஷ்காரரின் கணக்கு போதாது. சுவீடன் 1975 முதல், பிரிட்டன் 2003 முதல் முழங்கால்களை எண்ணி வருகின்றன. இந்தியாவிலும் இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர்கள் சங்கம் ஒரு பதிவேடு நடத்துகிறது; ஆனால் விருப்பமுள்ளவர்கள் மட்டும் எழுதினால் போதும். அடுத்த முறை கோவையில் எலும்பு மருத்துவர்கள் கூடும்போது, மேடையில் ஓடும் ஆபரேஷன் வீடியோக்களில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, பல்லடத்துக்கும் பவானிக்கும் திரும்பிப்போன முட்டிகள் பத்து வருஷம் கழித்து எப்படி இருக்கின்றன என்ற பட்டியலை யாராவது வாசித்தால், அந்த ஒரு அமர்வுக்காகவே டிக்கெட் எடுத்துப் போகலாம்.