கூற்றும் கேட்போரும்: பாப் டிலனின் கிறிஸ்துமஸ் இசைத்தொகுப்பு குறித்த மதிப்பீடுகள்

ஆய்வுச் சுருக்கம்

பாப் டிலன் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ‘கிறிஸ்துமஸ் இன் தி ஹார்ட்’ என்னும் இசைத்தொகுப்பு, கேட்போரிடையே ‘இது எள்ளலா, உள்ளார்ந்த பற்றா’ என்ற கருத்து வேறுபாட்டை எழுப்பியது. அவ்வேறுபாடு பாடகரின் மனநிலை பற்றியதாகத் தோன்றினும், உண்மையில் பாடலின் கூற்று யாருக்குரியது என்பது பற்றியதே என இக்கட்டுரை விளக்க முயல்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் ஆகிய உறுப்புகளும், ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸின் ‘எதிர்பார்ப்பு எல்லை’ என்னும் கருத்தாக்கமும் துணையாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஏற்புக் கோட்பாடு, கேட்போர், கூற்று, பருவகாலப் பாடல்கள், பாப் டிலன்.

முன்னுரை

அமெரிக்க இசைத்துறையில் ஒரு பாடகர் கிறிஸ்துமஸ் தொகுப்பு வெளியிடுவது வியப்புக்குரிய செய்தியன்று. பிங் கிராஸ்பி, எல்விஸ் பிரெஸ்லி, ஃபிராங்க் சினாட்ரா எனப் புகழ்பெற்ற குரல்கள் பலவும் இவ்வழக்கத்தைப் பின்பற்றியுள்ளன. அவர்கள் பிறர் எழுதியதைப் பாடியவர்கள். ஆகவே யாவரும் அறிந்த பண்டிகைப் பாடல்களைப் பாடுவது அவர்தம் தொழிலின் இயல்பான நீட்சியாகவே கொள்ளப்பட்டது. தாமே எழுதித் தாமே பாடும் கலைஞர் இதைச் செய்யும்போது நிலைமை மாறுகிறது. அவரிடம் கேட்போர் நாடுவது அவரது சொல்லை. அந்தச் சொல் இல்லாத ஒரு தொகுப்பை எவ்வாறு மதிப்பிடுவது என்ற இடர்ப்பாடு அங்கே தோன்றுகிறது.

ஏற்புக் கோட்பாட்டைப் பயன்படுத்தும் ஆய்வுகள் பலவற்றில் வாசகரோ கேட்பவரோ படைப்புக்கு வெளியே நிற்பவராகக் கருதப்படும் போக்கு உண்டு. செய்யுளியலோ தான் எண்ணும் முப்பத்து நான்கு உறுப்புகளுள் கேட்போரையும் ஒன்றாக வைக்கிறது. களனும் காலமும் பயனும் அவ்வரிசையிலேயே அமைகின்றன. கேட்பவர் செய்யுளின் உறுப்பே என்னும் இந்நோக்கு வேற்று மொழிப் பாடல்களுக்கும் பொருந்துமா என்று பார்ப்பதற்கு டிலனின் தொகுப்பு தக்கதொரு களம்.

தொகுப்பின் இயல்பு

‘கிறிஸ்துமஸ் இன் தி ஹார்ட்’ 2009 அக்டோபர் 13 அன்று கொலம்பியா நிறுவனத்தின் வாயிலாக வெளிவந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் வெளிவந்த ‘டுகெதர் த்ரூ லைஃப்’ என்னும் தொகுப்பு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை எட்டியிருந்தது. அறுபத்தெட்டு வயதான டிலனிடமிருந்து ஆறு மாதத்திற்குள் வந்த அடுத்த தொகுப்பில் பதினைந்து பாடல்கள். அவற்றுள் ஒன்றுகூட அவர் எழுதியதன்று. ‘ஜாக் ஃபிராஸ்ட்’ என்ற புனைபெயரில் அவரே தயாரித்தார். ஆங்கில மரபில் உறைபனியை ஆளாக உருவகித்து வழங்கும் பெயர் அது. அவர் அதனை முன்பிருந்தே தயாரிப்பாளர் பெயராகக் கையாண்டு வந்தவர் எனினும், இத்தொகுப்பில் அது தற்செயலாகப் பொருந்திப்போனது.

பாடல்கள் இருவகையின. தேவாலயங்களில் சபையார் கூடிப் பாடும் பழைய கீதங்கள் ஒருவகை. 1930களுக்கும் 1960களுக்கும் இடையே திரைப்படத்திற்காகவும் வானொலிக்காகவும் இசைத்தட்டுக்காகவும் எழுதப்பட்ட பண்டிகைப் பாடல்கள் மற்றொரு வகை. இரண்டாம் வகையின் வரலாறு ஈண்டு நோக்கத்தக்கது. ‘ஐ வில் பி ஹோம் ஃபார் கிறிஸ்துமஸ்’ 1943இல் போர்க்களத்திலிருந்து வீடு திரும்ப ஏங்கும் படைவீரரின் கூற்றாக அமைந்தது. ‘டூ யூ ஹியர் வாட் ஐ ஹியர்’ 1962 அக்டோபரில், கியூப ஏவுகணை நெருக்கடியின் அச்சத்துக்கிடையே, அமைதி வேண்டி எழுதப்பட்டது. ‘சில்வர் பெல்ஸ்’ பாடலை எழுதிய ஜே லிவிங்ஸ்டன், ரே எவன்ஸ் இருவரும் யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள். ‘தி கிறிஸ்துமஸ் சாங்’ பாடலை உருவாக்கியோருள் ஒருவரான மெல் டார்மேயும் அவ்வாறே. இப்பாடல்கள் ஒரு சமயத்தின் வழிபாட்டு உரிமையாக மட்டும் இருந்தவையல்ல; ஒரு நாட்டின் குளிர்காலத்துக்குரிய பொதுச்சொத்தாக வளர்ந்தவை.

விற்பனையால் டிலனுக்கு வரவேண்டிய உரிமத்தொகை முழுவதும் அமெரிக்காவில் ‘ஃபீடிங் அமெரிக்கா’, பிரிட்டனில் வீடற்றோருக்கான ‘கிரைசிஸ்’, பிற நாடுகளுக்காக உலக உணவுத் திட்டம் ஆகிய அமைப்புகளுக்கு வழங்கப்பட்டது. இப்பயன் கேட்போரின் கருத்தைப் பாதிக்கவே செய்தது. அறத்துக்காகப் பாடப்பட்டதைக் குறைகூறலாமா என்ற தயக்கம் ஒருபுறம்; அறம் வேறு, பாட்டின் தரம் வேறு என்ற மறுப்பு இன்னொருபுறம்.

இரண்டு எதிர்பார்ப்பு எல்லைகள்

ஒரு படைப்பைப் புதிதாக எதிர்கொள்பவர் வெற்று மனத்துடன் வருவதில்லை. அவ்வகைமையின் மரபும் முன்னறிந்த படைப்புகளும் சேர்ந்து அவருக்குள் ஓர் எதிர்பார்ப்பு எல்லையை அமைத்திருக்கின்றன என்பது யாவ்ஸ் 1967இல் முன்வைத்த கருத்து. டிலனின் இத்தொகுப்பில் அத்தகைய எல்லைகள் இரண்டு ஒரே நேரத்தில் செயற்படுகின்றன. ஒன்று, டிலன் என்ற பெயர் எழுப்பும் எல்லை: சொந்தச் சொல், கூர்மை, முரண்நகை, எதிர்பாராத் திருப்பம். மற்றொன்று, கிறிஸ்துமஸ் தொகுப்பு என்ற வகைமை எழுப்பும் எல்லை: இனிமை, பழக்கம், குடும்பச் சூழல், மாற்றமின்மை. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை.

முதல் எல்லையிலிருந்து கேட்டவர்கள் முரண்நகையைத் தேடினர். தேடியவர்க்குச் சான்றும் கிடைத்தது. முகப்பட்டையில் பனிச்சறுக்கு வண்டியை இழுக்கும் குதிரைகள். உள்ளேயோ கிறிஸ்துமஸ் தாத்தாவின் உடையைக் குறைவாக அணிந்த, 1950களின் கவர்ச்சிப் புகைப்பட அழகி பெட்டி பேஜின் படம். ‘இது கேலியே’ என்ற முடிவுக்கு வர அதுவே சிலருக்குப் போதுமானதாயிற்று. இரண்டாம் எல்லையிலிருந்து கேட்டவர்களோ படத்தைப் பொருட்படுத்தவில்லை. ‘இந்தக் குரலை எங்கள் வீட்டு விருந்தின்போது ஒலிக்கவிட முடியுமா’ என்பதே அவர்தம் வினா.

டிலனின் வாழ்க்கை வரலாறு இச்சிக்கலை இன்னும் இறுக்கியது. அவர் மின்னசோட்டா மாநிலத்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1970களின் இறுதியில் கிறிஸ்தவராகி, 1979 முதல் 1981 வரை வெளியிட்ட மூன்று தொகுப்புகளில் அந்நம்பிக்கையை வெளிப்படையாகப் பாடினார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் பலர் அப்போது மனம் கசந்தனர். ஆகவே 2009இல் அவர் ‘ஓ லிட்டில் டவுன் ஆஃப் பெத்லஹேம்’ பாடியபோது, பழைய ஐயம் மீண்டும் எழுந்ததில் வியப்பில்லை. இத்தொகுப்பை ஒட்டி பில் ஃப்ளானகனுக்கு அவர் அளித்த நேர்காணல், வீடற்றோர் தெருவில் விற்று வருவாய் ஈட்டும் இதழ்களில் வெளியாயிற்று. அதில், தாம் உண்மையாகவே நம்பிக்கையுள்ளவர் என்றும், நாட்டார் பாடல்களைப் போலவே இவையும் தம் வாழ்வின் பகுதி என்றும், இவற்றை வேறுவிதமாகப் பாட வழியில்லை என்றும் அவர் கூறினார்.

அதன்பின்னும் விவாதம் ஓயவில்லை. படைப்பாளியே நேர்பொருள் என்று சொன்ன பிறகும் கேட்போர் எள்ளல் என்று கொண்டனர் எனில், அவர்கள் ஐயுற்றது அவரது நேர்மையை மட்டுமன்று என்றே கொள்ளவேண்டும். ஈண்டுக் கூற்று என்னும் உறுப்பு உதவுகிறது. செய்யுளியல் இன்னார் கூற்றை இன்னார் கேட்டற்குரியர் என வரையறுக்கிறது. பார்ப்பார், அறிவர் போன்றோர் கூற்றுக்கு மட்டும் அவ்வரையறை இல்லை, அதனை யாரும் கேட்கலாம் என்கிறது. தாமே எழுதிப் பாடும் கலைஞரின் பாடலில் கூற்று அவருடையது. கேட்போர் அதனை அவரிடமிருந்து பெறுகின்றனர். கிறிஸ்துமஸ் கீதத்தில் நிலை நேர்மாறானது. அதனைக் கேட்பவர் ஒவ்வொருவரும் சிறுவயதில் அதைப் பாடியவர்; கூற்று அவருக்கும் உரியது. டிலன் அதைப் பாடும்போது, தமக்குரிய ஒன்று தம்மைக் கேளாமல் எடுத்தாளப்பட்டதாக ஒருசாரார் உணர்ந்தனர். ‘எள்ளுகிறார்’ என்ற குற்றச்சாட்டின் அடியில் கிடப்பது இந்த உரிமையுணர்வே என்பது கட்டுரையாளரின் கருத்து.

குரல்

கருத்து வேறுபாடு மிகக் கூர்மையாக வெளிப்பட்ட இடம் குரல். பின்னணியில் ஆண், பெண் கூட்டுக்குரல்கள் 1940களின் பாணியில் வழுவழுப்பாக ஒலிக்கின்றன. அதன்மேல் கரடுமுரடான, உடைந்த, சில இடங்களில் சுரத்தை எட்டாத டிலனின் குரல். இவ்வமைப்பு தற்செயலானதன்று. கூட்டுக்குரல் பாடலின் பொதுநினைவைத் தாங்கி நிற்க, தனிக்குரல் அந்நினைவுக்குள் ஒரு முதியவரின் உடலைக் கொண்டுவருகிறது. ‘தி கிறிஸ்துமஸ் ப்ளூஸ்’ போன்ற தனிமைப் பாடலில் இது மிகப் பொருத்தமாக அமைகிறது. ‘அடெஸ்டே ஃபிடேலிஸ்’ கீதத்தின் முதற்பகுதியை அவர் இலத்தீனிலேயே பாடுகிறார். திருத்தமற்ற அந்த உச்சரிப்பைச் சிலர் நகைப்புக்குரியதாகக் கொள்வர், சபையின் பின்வரிசையில் நின்று பாடும் எளிய மனிதரின் குரலாகச் சிலர் கொள்வர். எல்லாப் பாடல்களுக்கும் இவ்விளக்கம் செல்லாது. ‘ஹார்க் தி ஹெரால்ட் ஏஞ்சல்ஸ் சிங்’ உயர்ந்த சுரங்களை வேண்டுவது. அங்கே குரல் தோற்கிறது. அத்தோல்வியை அழகியலாக்கிக் காட்டுவது வலிந்து கொள்ளும் பொருளாகும்.

கேட்போர் பெரும்பாலும் விரும்பி ஏற்ற பாடல் ‘மஸ்ட் பி சாண்டா’. 1960இல் மிட்ச் மில்லர் குழுவினர் பாடிப் பரவிய இப்பாடலை, பிரேவ் காம்போ என்ற டெக்சஸ் குழு போல்கா நடையில் மாற்றியிருந்தது. டிலன் அந்நடையையே எடுத்துக்கொண்டு, டேவிட் ஹிடால்கோவின் அக்கார்டியனுடன் விரைந்து பாடுகிறார். கலைமான்களின் பெயர்கள் அடுக்கி வரும் இடத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர்கள் சிலரின் பெயர்களும் கலந்து வருகின்றன. சொல்லில் விளையாடும் பழைய டிலன் இங்கே எட்டிப்பார்க்கிறார். இரு எதிர்பார்ப்பு எல்லைகளும் ஒருங்கே நிறைவுறும் பாடல் இது ஒன்றே. அதன் வரவேற்புக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

அதே பருவத்தில் வேறிருவர்

2009ஆம் ஆண்டின் அதே மாதங்களில் ஸ்டிங், டோரி ஏமோஸ் ஆகிய இருவரும் குளிர்காலத் தொகுப்புகளை வெளியிட்டனர். ஸ்டிங் பண்டிகையை விலக்கிப் பருவத்தை முதற்பொருளாகக் கொண்டார். பெர்செல், ஷூபர்ட் ஆகியோரின் இசையும் பழைய ஆங்கில நாட்டார் பாடல்களும் அதில் இடம்பெற்றன. கூற்றுரிமைச் சிக்கல் அங்கே பெரிதாக எழ வாய்ப்பில்லை. அப்பாடல்கள் பலவும் கேட்போர் வீட்டில் பாடியவையல்ல. மெதடிஸ்ட் போதகரின் மகளான ஏமோஸ், தம் தொடக்ககாலப் பாடல்களில் கிறிஸ்தவ சமய அமைப்பை வன்மையாக வினவியவர். ‘மிட்விண்டர் கிரேசஸ்’ தொகுப்பில் அவர் பழைய கீதங்களைப் பிரித்து, இணைத்து, சொல் மாற்றி, தம் சொந்தப் பாடல்களையும் சேர்த்தார். ஆகவே அங்கு எழக்கூடிய வினா ‘எள்ளலா’ என்பதன்று, ‘மாற்றலாமா’ என்பது. டிலன் ஏறத்தாழ எதையும் மாற்றவில்லை. மாற்றாமையே அவர்மீது ஐயத்தை வருவித்தது.

காலம்

கேட்போர் கருத்துகளைத் தொகுத்தாராயும்போது பெரிதும் கவனிக்கப்படாத ஒன்று, அக்கருத்து எக்காலத்தில் உருவாயிற்று என்பது. இதனை இருநிலைகளில் காணலாம்.

முதலாவது, ஆண்டுகள் கடந்தபின் நேர்ந்த மாற்றம். 2015 முதல் 2017 வரை டிலன் பழைய அமெரிக்கத் தரப்பாடல்களை மூன்று தொகுப்புகளாகப் பாடி வெளியிட்டார். அவற்றுள் பெரும்பாலானவை சினாட்ரா பாடியவை. அதன்பின் ‘கிறிஸ்துமஸ் இன் தி ஹார்ட்’ தனித்து நிற்கும் விந்தையாக அன்றி, அவ்வழியின் முதற்படியாகக் காட்சியளிக்கத் தொடங்கியது. 1970இல் பெரிதும் பிறர் பாடல்களால் அமைந்த ‘செல்ஃப் போர்ட்ரெயிட்’ கடுமையாகத் தூற்றப்பட்டுப் பின்னாளில் மறுமதிப்பீடு பெற்றதும் இத்தகையதே. 2006 முதல் அவர் நடத்திய வானொலி நிகழ்ச்சியைத் தொடர்ந்து கேட்டவர்க்கு இவ்விளக்கம் தேவைப்பட்டிராது. பிறர் பாடல்களைத் தேடிச் சேர்த்து மகிழ்ந்து வழங்கும் டிலனை அவர்கள் முன்பே அறிந்திருந்தனர். அந்நிகழ்ச்சியில் கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதியும் இடம்பெற்றிருந்தது.

இரண்டாவது, ஆண்டுக்குள்ளேயே அமையும் காலம். தொகுப்பு வெளிவந்தது அக்டோபர் நடுவில். இதழ்களுக்கான மதிப்புரைகள் அதனை ஒட்டியே, பண்டிகைக்கு இரண்டு மாதத்திற்கு மேல் இருக்கும்போது எழுதப்பட்டன. மதிப்புரையாளர் பதினைந்து பாடல்களையும் தனியறையில் ஒருசேரக் கேட்டார். அது டிலனின் புதிய தொகுப்பைக் கேட்கும் முறை. வீட்டிலிருப்பவரோ டிசம்பர் இறுதியில், அடுக்களை ஒலிகளுக்கும் உறவினர் பேச்சுக்கும் இடையே, ஒரு பாடலைப் பிங் கிராஸ்பிக்கும் ஜீன் ஆட்ரிக்கும் நடுவில் கேட்கிறார். களனும் காலமும் மாறியபின் கேட்கப்படுவது அதே பாட்டுத்தானா என்ற வினாவைச் செய்யுளியல் பயின்றவர் எளிதில் கடந்து செல்லார். கேட்போர் கருத்துகளைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வுகள் கருத்துரைத்தவரின் வயது, நாடு, சமயம் ஆகியவற்றைப் பதிவுசெய்கின்றன. பருவகாலப் பாடல்களைப் பொறுத்தவரை, அக்கருத்து சொல்லப்பட்ட மாதத்தையும் அவற்றோடு குறித்துக்கொள்ள வேண்டும். அக்டோபர்க் கருத்தையும் டிசம்பர்க் கருத்தையும் ஒரே அட்டவணையில் கலப்பின், எள்ளல் என்றோர் எத்தனைபேர், பற்று என்றோர் எத்தனைபேர் என்ற கணக்கு கிடைக்குமேயன்றி, அவர்கள் எந்தப் பாட்டைக் கேட்டனர் என்பது தெரியவாராது.