நின்றபடி ஓடும்போது உதறும் டிராக்டர்: சேற்றுழவுக்கு முன்பே சரிசெய்வது எப்படி?

மேட்டூர் அணை ஜூன் 12ல் திறக்கும் என்பது காவிரிப் பாசனப் பகுதியின் நெடுநாளைய கணக்கு. இந்தக் கணக்கு எல்லா ஆண்டும் பலிப்பதில்லை. 2022ல் மே 24ஆம் தேதியே அணை திறக்கப்பட்டது; 2024லோ ஜூலை 28ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டியதும் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் எல்லா உழவர்களும் ஒரே வாரத்தில் டிராக்டரைத் தேடுவது மட்டும் எந்த ஆண்டும் மாறுவதில்லை.

குறுவைக்கு ஆடுதுறை 43, ஆடுதுறை 45 போன்ற சுமார் 110 நாள் ரகங்களை விதைத்தவர்கள் 20, 25 நாளில் நாற்றைப் பறித்தாக வேண்டும். நாற்றங்காலிலேயே வயது ஏறினால் நட்ட பயிர் தூர் கட்டுவது குறையும். அந்த நேரத்தில் கூண்டுச் சக்கரத்தோடு சேற்றில் இறங்கிய டிராக்டர் பாதி வயலில் நின்றுவிட்டால், அதன் சொந்தக்காரருக்கு அன்றைய வாடகை போகிறது. வரப்பில் நிற்பவருக்கோ நடவு ஆளும், முறைத் தண்ணீரும், நாற்றின் பருவமும் சேர்ந்து போகின்றன.

இப்படி நின்றுபோகும் டிராக்டர்களில் பல, சில வாரங்களுக்கு முன்பே எச்சரிக்கை கொடுத்தவைதான். வேலையின்றி நின்றபடி ஓடும்போது, அதாவது மெக்கானிக்குகள் ‘ஐட்லிங்’ என்று சொல்லும் நிலையில், என்ஜின் உதறும். ஸ்டீயரிங் கையில் நடுங்கும். பானெட் தகடு கடகடக்கும். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரைச் சற்றுக் கூட்டுவார், உதறல் அடங்கிவிடும். கோளாறு சரியாகிவிட்டது என்று எண்ணி வேலையைத் தொடர்வார். உண்மையில் கோளாறு சரியாகவில்லை, மறைந்திருக்கிறது.

உதறல் மறைவது ஏன்?

35 முதல் 50 குதிரைத்திறன் வரையுள்ள டிராக்டர்களில் பலவும் மூன்று சிலிண்டர் கொண்டவை. ஒவ்வொரு சிலிண்டரிலும் என்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு முறை டீசல் எரிந்து பிஸ்டனைத் தள்ளும். நிமிடத்திற்கு 750 சுற்று வேகத்தில் நின்றபடி ஓடும்போது மூன்று சிலிண்டர்களும் சேர்ந்து நொடிக்கு ஏறத்தாழ 19 உந்துதல் தருகின்றன. இதில் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லையானால் நொடிக்கு ஆறு தடவை உந்துதல் விட்டுப்போகும். அந்த இடைவெளிதான் உடம்பில் உதறலாகத் தெரிகிறது.

இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது பிளைவீல். அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கேற்பக் கூடும். வேகத்தை 750லிருந்து 1500 ஆக்கினால் ஆற்றல் இரு மடங்கல்ல, நான்கு மடங்கு. விட்டுப்போகும் நேரமும் பாதியாகச் சுருங்கும். எனவே கோளாறான சிலிண்டரைப் பிளைவீல் சுமந்துகொண்டு ஓடுகிறது. சேற்றில் முழுச் சுமை ஏறும்போது மீதி இரண்டு சிலிண்டர்களும் திணறுகின்றன.

காரில் என்ஜினுக்கும் சட்டத்திற்கும் இடையே ரப்பர் தாங்கிகள் உண்டு. அவை நைந்துபோனாலே கார் நின்ற இடத்தில் உதறும். புதிதாக மாற்றினால் தீர்ந்துவிடும். பெரும்பாலான டிராக்டர்களில் இந்த ரப்பர் கிடையாது. என்ஜினே டிராக்டரின் முதுகெலும்பு. முன் அச்சும் கியர் பெட்டியும் அதனோடு நேராக முடுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே டிராக்டர் நடுங்கினால் ரப்பரைத் தேட வேண்டியதில்லை. என்ஜினுக்கு உள்ளேயோ, அதைப் பிணைத்திருக்கும் போல்ட்டுகளிலோதான் தேட வேண்டும்.

காசு செலவில்லாத சோதனைகள்

நகரும்போது மட்டும் ஆட்டம் இருந்தால் அது என்ஜின் கோளாறு ஆகாது. கூண்டுச் சக்கரம் வளைந்திருக்கலாம், சக்கர நட்டு தளர்ந்திருக்கலாம். காலையில் குளிர்ந்த என்ஜின் இரண்டு மூன்று நிமிடம் வெண்புகை விட்டு உதறி, சூடேறியதும் அடங்கினால் அவ்வளவாகக் கவலைப்பட வேண்டியதில்லை. சூடேறிய பிறகும் தொடர்ந்தால்தான் கோளாறு. கிளட்ச் பெடலை மிதித்ததும் உதறல் மாறுகிறதா, பி.டி.ஓ.வை விடுவித்ததும் மாறுகிறதா என்று பார்ப்பது நன்று. மாறினால் கோளாறு பின்புறத்தில் இருக்கிறது. முன் அச்சைத் தாங்கும் பிராக்கெட் போல்ட்டுகள், கிளட்ச் கூட்டின் போல்ட்டுகள், விசிறி இறக்கை ஆகியவற்றையும் என்ஜினை நிறுத்திவிட்டுப் பார்த்துவிடலாம்.

உதறல் சீராக இல்லாமல், என்ஜின் வேகமே ஏறி இறங்கினால் டீசல் குழாயில் காற்று புகுந்திருப்பதாக முதலில் சந்தேகிக்க வேண்டும். டாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சும் பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய் வெடித்திருந்தாலோ, பில்டர் கிண்ணத்தின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டாலோ வெளியே ஒரு சொட்டும் கசியாது. ஆனால் காற்று உள்ளே போகும். கசிவு இல்லையே என்று பலர் ஏமாறுவது இங்கேதான். பில்டரின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரையில்லாமல் டீசல் வரும்வரை விட்டு முடுக்க வேண்டும். அடுத்து பம்பிலுள்ள திருகுக்கும் அப்படியே. மறுநாளும் காற்று சேர்ந்தால் குழாயையும் வாஷர்களையும் மாற்றாமல் தீராது.

தண்ணீர் இன்னொரு எதிரி. அறுவடை முடிந்து கோடையில் பாதி டாங்கியோடு நிறுத்திவைக்கும் டிராக்டரில், இரவுக் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் டாங்கிச் சுவரில் படிந்து டீசலில் இறங்குகிறது. திறந்த கேனில் வயலுக்குக் கொண்டுபோகும் டீசலில் மழைத்துளியும் தூசியும் சேர்கின்றன. நாசிலின் உள்ளே ஊசியும் கூடும் மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் இயங்குபவை. துருவோ மணலோ அங்கே போனால் முடிந்தது.

எந்தச் சிலிண்டர்?

பழைய வகை இயந்திரப் பம்பு உள்ள டிராக்டர்களில், கோளாறான சிலிண்டரை ஒரு ஸ்பானர் கொண்டே கண்டுபிடிக்கலாம். என்ஜின் சூடான பிறகு நின்றபடி ஓடவிட்டு, ஒரு நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாயின் நட்டை அரைச் சுற்று தளர்த்த வேண்டும். அந்தச் சிலிண்டருக்கு டீசல் நின்றுவிடும். உதறல் அதிகமானால் அது நன்றாக உழைத்துக்கொண்டிருந்த சிலிண்டர். நட்டை முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். எதைத் தளர்த்தியும் ஓட்டத்தில் ஒரு மாற்றமும் இல்லையோ, அதுதான் சும்மா இருந்த சிலிண்டர்.

இதைச் செய்பவர் ஒன்றை மறக்கக்கூடாது. நாசிலுக்குப் போகும் டீசலின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 200 கிலோ. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். நட்டைத் துணியால் சுற்றித் தளர்த்த வேண்டும். கையை நேரே நீட்டக்கூடாது. கண்ணாடி அணிய வேண்டும். டீசல் தோலுக்குள் புகுந்துவிட்டால் காயம் ஊசி குத்தியதுபோல்தான் தெரியும், வலியும் முதலில் குறைவாகவே இருக்கும். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு மறுநாள் பார்க்கலாம் என்று இருந்தவர்கள் விரலையே இழக்க நேரிடும். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், டீசல் உள்ளே பாய்ந்தது என்று சொல்ல வேண்டும்.

சும்மா இருந்த சிலிண்டரின் நாசிலைக் கழற்றி, பக்கத்துச் சிலிண்டரின் நாசிலோடு இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பது அடுத்த படி. கோளாறும் நாசிலோடு இடம் மாறினால் நாசில்தான் காரணம். அதே சிலிண்டரிலேயே நின்றால் வால்வு, ரிங், கேஸ்கெட் அல்லது பம்பு. இப்படி மாற்றும்போது பழைய செம்பு வாஷரையே திரும்பப் போடுவது வழக்கமாக இருக்கிறது. அது தவறு. சில ரூபாய் வாஷருக்காகக் கஞ்சத்தனம் பார்த்து, அழுத்தக் கசிவை விலைக்கு வாங்க வேண்டாம்.

கழற்றிய நாசில்களை டீசல் பம்பு பட்டறையில் சோதனைக் கருவியில் பொருத்தி அடித்துக் காட்டச் சொல்லி, உழவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நல்ல நாசில் பனிபோலத் தெளிக்கும். தெளித்து முடித்ததும் முனை காய்ந்திருக்கும். கெட்ட நாசில் ஒரு பக்கமாகப் பீச்சும் அல்லது சொட்டும். சொட்டும் நாசில்தான் மிக ஆபத்தானது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு என்ஜின் ஆயிலில் இறங்கும். பிஸ்டன் தலையில் ஓட்டைகூட விழும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்து, டீசல் வாடையும் அடித்தால் ஒரு நாள்கூட ஓட்டக்கூடாது.

புகையும் கொஞ்சம் சொல்லும். கரும்புகைக்குக் காற்று பில்டர் அடைப்பும் காரணமாகலாம். கோடை உழவுப் புழுதியில் ஓடிய டிராக்டரில் அதை முதலில் கழற்றிப் பார்க்க வேண்டும். நீலப்புகை ரிங் தேய்மானம். சூடான பின்னும் வெண்புகை வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் கேஸ்கெட். டேப்பட் இடைவெளியைக் கையேட்டில் உள்ளபடி வைத்துவிட்டால் அந்தச் சந்தேகமும் தீரும்.

புதிய டிராக்டர்களுக்கு வேறு முறை

2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. இவற்றில் பலவும் காமன் ரெயில் என்ஜின்கள். அழுத்தம் ஆயிரம் கிலோவையும் தாண்டும். இவற்றில் ஓடும்போது நட்டைத் தளர்த்தும் சோதனையைச் செய்யவே கூடாது; உயிருக்கே ஆபத்து. கணினிக் கருவி வைத்திருக்கும் சர்வீஸ் நிலையத்தில்தான் காட்ட வேண்டும்.

பவர் டில்லர் வைத்திருப்பவர்கள் சற்று வேறாகப் பார்க்க வேண்டும். ஒற்றைச் சிலிண்டர் ஆதலால் அது இயல்பாகவே உதறும். வழக்கத்தைவிடக் கூடுதலாக உதறினால் என்ஜினைத் தாங்கும் போல்ட்டுகளை முதலில் முடுக்கிப் பார்க்கலாம்.

உதறலை மறைக்க ஐட்லிங் வேகத்தைத் திருகி ஏற்றிவைக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. இதற்கு உழவர் சம்மதிக்கக்கூடாது. அதேபோல் டீக்கடையில் அரை மணி நேரம் என்ஜினை ஓடவிட்டுப் போவதும் நாசில் முனையில் கரியைச் சேர்க்கும். ஓட்டுநரைக் கேட்டால், நிறுத்தினால் திரும்பக் கிளம்பாது என்பார். அவர் சொல்வதும் நியாயமே; அங்கே மாற்ற வேண்டியது பாட்டரியை. டர்போ உள்ள என்ஜினை மட்டும் கடும் வேலைக்குப் பின் இரண்டு நிமிடம் நின்றபடி ஓடவிட்டு நிறுத்த வேண்டும்.

இந்த வேலைகளை மே மாதத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. தண்ணீர் வந்த பிறகு பம்பு பட்டறை வாசலிலும் வரிசைதான். சம்பா அறுவடை முடிந்து டிராக்டரைக் கொட்டகையில் ஏற்றும் அன்று மாலையே டாங்கியை வாய்வரை நிரப்பிவைத்து, பில்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும்.