சினம் செல்லும் இடம்

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று நம் சிறார் பள்ளியிலே மனனஞ் செய்கின்றனர். பிறர் ஆளும் பூமியிலே, பிறர் மொழியிலே, பொருள் வாங்க வந்தவன் பொறுமை இழந்து கடிந்துரைக்கும்போது விற்பவன் எங்ஙனம் பொறுப்பது? யாழ்ப்பாணத்தவருக்கு இஃது ஏட்டளவில் எழும் வினாவன்று. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நம்மவர் கடல் கடந்து பயின்ற பாடம் இது.

1885ஆம் ஆண்டிலே, தைப்பிங் நகரிலிருந்து போட் வெல்ட் துறைக்கு மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து விரிந்த புகையிரதப் பகுதியிலும் ஏனைய அரசாங்கக் கந்தோர்களிலும், மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாண இளைஞர் பலர் இலிகிதராகவும் நிலைய அதிபராகவும் அமர்ந்தனர். முதுகுப்புறத்தே வெள்ளைக்காரத் துரை. யன்னலுக்கு வெளியே மலாயர், சீனர், தமிழகத்துத் தோட்டத் தொழிலாளர். வண்டி வரும் நேரம் நெருங்க நெருங்க வெளியே நிற்போர் அனைவருக்கும் அவசரம். உள்ளே சீட்டும் சில்லறையும் எண்ணுபவனுக்கு மட்டும் அவசரப்பட உரிமை இல்லை. அமைதி அவனுக்கு அறமாகுமுன்பே தொழிற் கருவியாகிவிட்டது. சிரித்த முகம் இல்லாதவன் கடை திறத்தலாகாது என்பது சீனர் பழமொழி. அவன் அதனையும் அங்கே கேட்டிருத்தல் கூடும்.

எனினும், அந்த இலிகிதனுக்கு அரசாங்க முத்திரையின் துணை இருந்தது. 1983 யூலைக் கலவரத்தின் பின்னர் பெருந்தொகையாகப் புலம்பெயர்ந்தவருக்கு அத்துணை இல்லை. இலண்டனில் பெற்றோல் நிலையத்து இரவு வேலை, பாரிசிலே உணவகத்துச் சமையலறை, ரொறன்ரோவிலே சிறு கடை என்று அவர் வாழ்வு தொடங்கிற்று. ஊரிலே மாணவரைக் கைகட்டி நிற்கச் செய்த ஆசிரியரும், அங்கே விரைந்து பேசும் அந்நியனின் பாதி விளங்கிய சொல்லுக்கு முன் நிற்க நேர்ந்தது. இருமுறை கேட்டால் வாடிக்கையாளன் முகஞ் சுளிப்பான்; கேளாது ஊகித்தாற் பிழை நேரும்.

இத்தகைய நிலைக்கு உதவும் வழிகள் சில உள. வந்தவன் குரலை உயர்த்தினால் தன் குரலைத் தாழ்த்துதல் ஒன்று. அவன் கேட்டதைத் திரும்பச் சொல்லி, விளங்கிற்று எனக் காட்டுதல் மற்றொன்று. எவ்வளவு நேரஞ் செல்லும் என்பதை முன்னரே கூறிவிடுதல் மூன்றாவது. இதற்குக் காரணமும் உண்டு. காத்திருப்போர் மனத்தைப் பற்றி 1985இல் எழுதிய டேவிட் மைஸ்டர் என்பார், முடிவு தெரியாத காத்திருப்பே முடிவு தெரிந்ததைக் காட்டிலும் நீண்டதாகத் தோன்றும் என்று விளக்கினார். வாடிக்கையாளனின் சினத்திலே பெரும்பங்கு கடைக்காரனைப் பற்றியதன்று. தன் நேரம் தன் கையை விட்டுப் போகின்றதே என்னும் கலக்கமே அது. இதனை உணர்ந்தவன் நெஞ்சிலே சுடுசொல் அத்துணை ஆழமாகத் தைப்பதில்லை.

ஆயினும், அவ்வமைதிக்கு ஒரு விலை உண்டு. அமெரிக்க சமூகவியலறிஞர் ஆர்லி ஹொக்சைல்ட், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் வெளியிட்ட நூலிலே, கூலிக்காக முகத்தையும் உள்ளத்தையும் அடக்கியாள்வதும் ஓர் உழைப்பே என்று காட்டினார். மூட்டை சுமந்தவன் தோள் நோவதை யாவரும் அறிவர். புன்னகை சுமந்தவன் நோவை அறிபவர் யார்? மேசையருகே விழுங்கிய சினம் வீட்டு வாயிலில், மனைவி மீதும் மக்கள் மீதும் வெடிக்குமாயின், அது பொறுமையாகாது. இடம் மாறிய சினமேயாகும்.

இங்கேதான் வள்ளுவர் நமக்குத் துணையாகின்றார். பொறையுடைமையை 16ஆம் அதிகாரமாக இல்லறத்திலும், வெகுளாமையை 31ஆம் அதிகாரமாகத் துறவறத்திலும் வைத்த அவர், வெகுளாமையின் தொடக்கத்திலேயே ஒரு நுட்பத்தை உணர்த்துகின்றார். தன் சினம் பலிக்கக்கூடிய இடத்தில் அதனைக் காப்பவனே உண்மையிற் காப்பவன். பலிக்காத இடத்திற் காத்தால் என்ன, காவாவிட்டால் என்ன என்பது அவர் கருத்து. கடைமேசையை இக்கருத்தின் ஒளியிலே பாருங்கள். பணியாளனின் சினம் அங்கே செல்லாது. சென்றால் வேலை போய்விடும். செல்லக்கூடிய சினம் காசு கொடுப்பவனுடையது. ஆகவே அவ்விடத்திலே குறளின் அறிவுரை முதன்மையாக வாடிக்கையாளனுக்கே உரியது. பணியாளனுக்கு உரிய சோதனை, தன் சொல்லுக்கு வீட்டார் அஞ்சும் வீட்டிலே தொடங்குகின்றது.

அவ்வாறாயின், ஊரில் இருக்கும் நமக்கு இதில் யாதொரு பங்கும் இல்லையா? இரவு வேலை முடித்து வந்தவனைத் தொலைபேசியில் அழைத்து, தங்கை கலியாணத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் கோயில் திருவிழாவுக்கும் காசு ஏன் இன்னும் வரவில்லை என்று வினவுகின்றோம். அவன் மறுத்துரைக்க மாட்டான் என்பது நமக்குத் தெரியும். நம் சினம் அவனிடம் செல்லும். அந்நியனாவது ஒரு நிமிடத்திலே தன் பொருளைப் பெற்றுக்கொண்டு போய்விடுவான். நாமோ ஆண்டுக்கணக்காக அவன் மேசை முன் நிற்கின்றோம். அடுத்த முறை அழைக்கும்போது, காசைப் பற்றி வினவுமுன், உண்டாயா, உறங்கினாயா என்று கேட்போம்.