கம்ப்யூட்டருக்கும் ஒரு சாவிக்கொத்து

ஊறுகாய் போட்டு விற்கிறவர்கள், பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவர்கள், டியூஷன் எடுக்கிறவர்கள் என்று வீட்டிலிருந்தே நாலு காசு பார்க்கும் சகோதரிகள் இப்போது பலர். கணக்கு எழுத டாலி, கடிதம் பார்க்க அவுட்லுக், வகுப்பெடுக்க ஜூம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்ட்! ஞாபகத்தில் நிற்குமா? காலண்டர் ஓரத்தில் கிறுக்கி வைக்கிறோம். இல்லாவிட்டால் குழந்தையின் பெயரும் பிறந்த வருஷமும். எல்லாவற்றுக்கும் அதே ஒன்று. ஓரிடத்தில் அது வெளியானால், திருடன் அதையே மற்ற இடங்களிலும் போட்டுப் பார்ப்பான்.

இதற்குத்தான் பாஸ்வேர்ட் மானேஜர். எல்லாச் சாவிகளையும் ஒரு பெட்டியில் போட்டு, பெட்டிக்கு மட்டும் ஒரு பெரிய பூட்டு. அந்த மாஸ்டர் பாஸ்வேர்ட் ஒன்று மனத்தில் இருந்தால் போதும்.

"குரோமே ஞாபகம் வெச்சுக்குதே, தனியா எதுக்கு?" என்பீர்கள். குரோம் நிரப்பித் தருவது தனக்குள் திறக்கும் இணையப் பக்கங்களில்தான். வெளியே தனி ஜன்னலாகத் திறக்கும் புரோகிராமுக்கு அது உதவாது. காசு வாங்கும் மானேஜர்களிலும் சில, "காப்பி பண்ணி ஒட்டிக்கோ" என்று கைவிட்டுவிடும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, ஆட்டோ டைப் வசதி உண்டா என்பதே.

என் ஓட்டு கீபாஸுக்கு. 2003-ல் வந்தது, இலவசம். விண்டோஸில், பெயர் கேட்கும் கட்டத்தில் கர்சரை வைத்துக் கன்ட்ரோல், ஆல்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பெயரைத் தட்டி, டேப் தட்டி, பாஸ்வேர்டையும் தட்டி, என்டரும் அதுவே போட்டுவிடும். ஜன்னலின் மேல்பட்டையில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் எந்தச் சாவி என்று தெரிந்துகொள்கிறது. எனவே பதியும்போது தலைப்பில் அதே பெயரை, அதே எழுத்தில் எழுதுங்கள். டேப்புக்குப் பதில் என்டர் கேட்கும் புரோகிராமானால் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கீபாஸ்எக்ஸ்சி, அதுவும் இலவசம்.

"அழுத்தியும் ஒண்ணும் நடக்கலியே!" என்றால், அந்தப் புரோகிராம் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் கீபாஸையும் அதே உரிமையோடு திறக்க வேண்டும். இன்னொன்று: கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கேதான் அது தட்டும். அதே ஜன்னலில் வேறொரு கட்டத்தில் கர்சர் நின்றால், பாஸ்வேர்ட் அங்கே போய் விழும்! அழுத்துமுன் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

மாஸ்டர் பாஸ்வேர்டில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 2022-ல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்களே திருடு போயின. உள்ளே பாஸ்வேர்டுகள் பூட்டியபடிதான் இருந்தன. ஆனால் சுலபமான மாஸ்டர் பாஸ்வேர்ட் வைத்தவர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து வையுங்கள். பழமொழி, பாட்டு வரி கூடாது.

கீபாஸ் பெட்டி நம் கம்ப்யூட்டரிலேயே ஒரு ஃபைலாக இருக்கும். கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் அதுவும் போச்சு. மாதம் ஒருமுறை பென் டிரைவில் நகல் எடுங்கள். மாஸ்டர் பாஸ்வேர்ட் மறந்தால் திறந்து கொடுக்க எந்தக் கம்பெனியும் கிடையாது. ஒரு தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். வீட்டுக்காரரிடமும், "கவர் இங்கேதான் இருக்குங்க" என்று சொல்லி வையுங்கள்.